பெல்ட்டின் மேல் உட்கார்ந்த மாப்பிள்ளை

இன்று என்னைப் பார்க்க, எனக்குப் பேசி வைத்திருக்கும் பெண்ணின் அப்பா ஊத்தங்கரையிலிருந்து பஸ் ஏறி மில்லுக்கே வந்துவிட்டார். 'பையன் ஓசூர் மாவு மில்லில் மெஷின் வேலை பழகுகிறான்' என்று எங்கள் வீட்டில் பெருமையாகச் சொல்லி வைத்திருந்தார்கள்.

நான் தரையில் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

ஃபிட்டர் மாதப்பா அரவை மெஷினுக்குள் தலையையும் இரண்டு கைகளையும் விட்டு ரிப்பேர் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த நேரத்தில் யாரும் மெஷினை ஆயில் என்ஜினோடு மாட்டி ஓட்டிவிடக் கூடாதே என்று, பெல்ட்டைக் கழற்றிச் சுருட்டி அதன் மேல் ஓர் ஆளை உட்கார வைப்பது எங்கள் மில் வழக்கம். இன்றைய ஆள் நான்.

பெரியவர் கும்பிட்டார். நான் பாதி எழுந்தேன்.

"எந்திரிச்சீன்னா தொலைச்சுப்புடுவேன்!" என்றது மெஷின்.

உட்கார்ந்தபடியே கும்பிட்டேன். அவர் முகம் கறுத்தது.

"பெரியவங்க வந்தா எந்திரிக்க மாட்டீங்களா?"

மாதப்பா மாவு அப்பிய முகத்தை மட்டும் வெளியே திருப்பினார். "அவன் எந்திரிச்சா எவனாவது பெல்ட்ட மாட்டிருவான், எங் கை போயிடுமுங்க. நான் சொல்ற வரைக்கும் அவன் நகரக் கூடாது."

பெரியவர் யோசித்தார். "சொன்னா அப்படியே உட்கார்ந்திருப்பாரா?"

"இருப்பான்."

"எம் பொண்ணுக்கு அது போதுங்க."

கல்யாணமான நண்பர்களே, நான் சந்தோஷப்படுவதா, எழுந்து ஓடுவதா? நிதானமாகவே சொல்லுங்கள். மாதப்பாவின் கை இன்னும் மெஷினுக்குள்தான் இருக்கிறது.