றெக்ஸின் இடுப்பும் குலசேகரத்தாரின் வாயும்

குலசேகரத்தார் யாழ்ப்பாணத்தில் விட்டுவந்த வீடு, புத்தளத்தில் அவருடைய வாயில் ஆண்டுக்கு ஓர் அறையாக வளர்ந்தது. இடம்பெயர்ந்து வந்த புதிதில் அது இரண்டறை ஓட்டு வீடு. பிறகு மாடி ஏறியது. சண்டை முடிந்து, ஆட்கள் பஸ் ஏறிப் போய்ப் பார்த்துவிட்டு வரத் தொடங்கியதும் வளர்ச்சி சட்டென்று நின்றது. அங்கே கூட்டுறவுக் கடையில் அரிசி நிறுத்தவர், இங்கே சொல்லும்போது முகாமையாளராக ஓய்வு பெற்றிருந்தார். அதற்கு மேல் ஏற அங்கே பதவி இல்லை. இனி உயர்த்திவிட நாய்தான் மிச்சம்.

நாயைச் சிலாபம் மீன்சந்தையில் கண்டெடுத்தார். திருக்கை வால் ஒன்றை இழுத்ததற்காக யாரோ எறிந்த கட்டை பட்டு, குட்டி நொண்டிக்கொண்டு இவருடைய காலடியில் ஒதுங்கியது. வாங்கிய மீனைக் கையில் பிடித்துக்கொண்டு, நாயைப் பையில் போட்டுப் பஸ் ஏறினார். அந்த மட்டில் நல்ல மனிதர்தான். வீட்டுப் படலையில் வந்து இறங்கியதும், “அல்சேஷன், ஜேர்மன் சாதி” என்றார்.

அதற்கு ஆதாரம் கறுத்த மூஞ்சி. ஒரு காது நிமிர்ந்து நின்றது. மற்றது மடிந்து கிடந்தது. மடிந்ததைப் பற்றிக் கேட்டவர்களுக்கு, “வெக்கை நாட்டில அப்பிடித்தான்” என்று பதில் சொன்னார். றெக்ஸ் என்று பெயரும் வைத்தார்.

ஒரு வருஷம் போவதற்குள் றெக்ஸ், மனைவி அன்னலட்சுமியின் முட்டைக்கோழிகளில் மூன்றைத் தின்று தீர்த்தது.

“இஞ்சேருங்கோ, உங்கட ஜேர்மன்காரனுக்கு ஒரு இடம் பாருங்கோ. இல்லாட்டி முபாரிஸின்ர ஓட்டோவில ஏத்தி, எடுத்த இடத்திலயே விடுவிப்பன்.”

மீன்சந்தைக்குத் திரும்பினால் அடுத்த கட்டை தலையில் விழும். குலசேகரத்தார் அன்றே குறிஞ்சிப்பிட்டிக்குப் போன் எடுத்தார். அங்கே கடற்கரை விடுதி நடத்தும் சுவிஸ்காரி ஒருத்தி கரையில் திரிந்த நாய்கள் நாலைந்தை எடுத்து வளர்த்தாள். இதையும் எடுக்கச் சம்மதித்துவிட்டாள். போனை வைக்க வேண்டியதுதானே? “தெருநாய் எண்டு நினைச்சிடாதேங்கோ, அல்சேஷன்” என்று இவர் சேர்த்தார். அல்சேஷன் என்றால் இடுப்பு மூட்டைப் பார்க்க வேண்டும், அந்தச் சாதிக்கு இடுப்பு விழும் என்றாள்.

ஓட்டோக்கார முபாரிஸ் பக்கத்துத் தில்லையடிப் பெடியன். ஆசனத்தில் யூரியாப் பை விரித்து நாயை ஏற்றினான்.

“அதுட எச்சில் பட்டா எங்கட மார்க்கத்துல ஏழு தரம் கழுவணும் சேர், அதுல ஒண்டு மண்ணு போட்டு. உங்கட வெள்ளக்காரன்ட வாயக் கொஞ்சம் அங்கால பிடிங்க.”

சிலாபத்து மிருக வைத்தியரிடம் பொமரேனியனோடு ஒரு சிங்கள மகாத்தயா காத்திருந்தார். “மொன ஜாதியத?” என்று நாயின் சாதியைக் கேட்டார். “ஜர்மன்!” என்றார் குலசேகரத்தார், தெருவுக்கும் கேட்கும்படி.

டொக்டர் நிசாந்தி இடுப்பு மூட்டில் ஒரு கையை வைத்து, பின்காலை மடக்கியும் நீட்டியும் பார்த்தார். பிறகு மயக்க ஊசி போட்டு, மல்லாக்கக் கிடத்தி, கால் இரண்டையும் நேராக இழுத்து எக்ஸ்றேப் படம் எடுத்தார். நாக்குத் தள்ளிக் கிடந்த அந்தக் கோலத்தில் எந்த நாட்டுப் பிரசைக்கும் மரியாதை மிஞ்சாது.

“மூட்டு ரெண்டும் வடிவாப் பொருந்தியிருக்கு, ஐயா. ஆனா அந்தச் சுவிஸ் அம்மா என்னோட கதைச்சவா. அவவின்ர அல்சேஷனுக்கும் சின்னனில படம் நல்லா வந்ததாம்; பிறகு எழும்ப ஏலாமல் போய், ஊசி போட்டு முடிச்சதாம். அல்சேஷன் எண்டா ரெண்டு வயசுக்குப் பிறகு இன்னொரு படம் பாத்துத்தான் எடுப்பாவாம். ஊர்நாய் எண்டா இண்டைக்கே எடுப்பா. எனக்கு ஊர்நாய் மாதிரித்தான் தெரியுது. நீங்கள் சொல்லுங்கோ, இது என்ன நாய்?”

பொமரேனியனும் மகாத்தயாவும் நிமிர்ந்து பார்த்தார்கள்.

“அல்சேஷன்” என்றார் குலசேகரத்தார். யாரும் கேளாமலே இன்னொரு தரமும் சொன்னார்.

படலையில் அன்னலட்சுமி நின்றாள். “ஏன் திரும்பி வந்தது?”

முபாரிஸ் ஒன்றையும் ஒளிக்கவில்லை. “டொக்டர் வாயில ஊட்டாத குறைதான் ஆன்டி. சேருக்குத் தெருநாய் எண்ட சொல்லு வரவே இல்ல.”

“இறக்காதை தம்பி. அப்பிடியே குறிஞ்சிப்பிட்டிக்கு விடு. மீன்சந்தையில பொறுக்கின தெருநாய் எண்டு அந்த மனிசிக்குச் சொல்லு.” கணவரின் பக்கம் திரும்பினாள். “நீங்களும் போறதெண்டாப் போங்கோ. ஆனா அவன் சொல்லேக்க பக்கத்தில நிண்டு ஓம் எண்டு சொல்லோணும்.”

சிலாபத்திலிருந்து வந்த வழி முழுக்க நாயின் தலை அவருடைய மடியில்தான் கிடந்தது. காற்சட்டையில் வீணீர் இன்னும் காயவில்லை. ஓட்டோவில் ஒரு காலை வைத்தார். அதை மெல்ல எடுத்தார். எலும்புப் படத்தை மட்டும் உள்ளே நீட்டினார். அரை மயக்கத்தில் றெக்ஸ் யூரியாப் பையில் வாலைத் தட்டியது. ஓட்டோ போய்விட்டது.

பொழுது சாயும்போது முபாரிஸ் வந்து நின்றான்.

“ஒண்டுமே கேக்கல்ல சேர். தெருநாய் எண்டதும் அந்த லேடி கழுத்தக் கட்டிப் பிடிச்சிட்டாங்க.”

“படம்?”

“விரிச்சும் பாக்கல்ல.”

“நாயைப் பற்றி ஒண்டும் தெரியாத மனிசி” என்றார் குலசேகரத்தார். “குடுத்திருக்கக் கூடாது.”