போட்டோவில் இல்லாத தழும்பு

என் அத்தையின் இடது கன்னத்தில் ஒரு தழும்பு உண்டு. சின்னப் பிள்ளையில் கொதிக்கிற எண்ணெய் தெறித்தது. வந்து பார்த்த வரன்களெல்லாம் சாதகம் பொருந்தவில்லை என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

எனக்கு எட்டு வயசான வருஷம் விக்கிரமசிங்கபுரத்து வரன் ஒன்று வந்தது. போட்டோ அனுப்பச் சொன்னார்கள். சித்தப்பா ஸ்டூடியோவில் சொல்லி, கம்ப்யூட்டரில் தழும்பை எடுத்துவிட்டார். அவர் கட்சிக்காரர்.

"எலெக்சன் போஸ்டர்ல எங்க ஆளுக்குப் பத்து வயசக் கொறைக்கோம். செயிக்கணும்னா உலக நடப்பப் பாக்கணும்ணே."

தினமும் சிவபூசை செய்கிற அப்பாவோ, "மொகமே மாயை. அதுல தழும்பு இருந்தா என்ன, போனா என்ன?" என்று கண்ணை மூடிக்கொண்டார்.

அத்தை மட்டும் படத்தை வாங்கி உற்றுப் பார்த்தாள். "நல்லாத்தான் இருக்கா. யாரு சின்னண்ணே இவ?"

சித்தப்பா படத்தை வாங்கி உறையில் போட்டு ஒட்டினார். படம் போய்விட்டது.

எங்கள் பக்கத்தில் பெண்ணை முதலில் கோயிலில் வைத்துப் பார்ப்பார்கள், தற்செயலாக வந்ததுபோல. பிடிக்காவிட்டால் சாமி கும்பிட்டுவிட்டுக் கிளம்பலாம், யாருக்கும் தலைகுனிவில்லை. காந்திமதி அம்மன் சன்னதி மண்டபத்தில் நானும் அத்தையும் உட்கார்ந்திருந்தோம். அம்மா அர்ச்சனைத் தட்டு வாங்கப் போயிருந்தாள். சித்தப்பா ஒரு வாசலில் காத்து நிற்க, மாப்பிள்ளை வீட்டார் வேறு வாசல் வழியாக வந்துவிட்டார்கள். மூச்சு வாங்க ஒரு வயசான அம்மாள் எங்கள் அருகில் உட்கார்ந்தாள். பின்னால் மகன். பையிலிருந்து அந்தப் படத்தை எடுத்து அத்தையிடமே நீட்டினாள்.

"ஏ பிள்ள, இந்தப் பொண்ண இங்கன பாத்தியா?"

தாயே, இப்பவே அந்தத் தழும்பை எடுத்துவிடு என்று சன்னதியைப் பார்த்துக் கும்பிட்டேன். ஸ்டூடியோக்காரரால் முடிந்தது அம்மனால் முடியாதா?

அத்தை இடது கன்னத்தை நன்றாக அவள் பக்கம் திருப்பினாள்.

"அவ வரமாட்டா பெரிம்மா. அவ ஸ்டூடியோவுல செஞ்சவ. நாந்தான் வந்திருக்கேன்."

அந்த அம்மாள் படத்தையும் அத்தையையும் மாறி மாறிப் பார்த்தாள். மகன்தான் முதலில் சிரித்தார். "எம்மா, எனக்கு இவுகளையே பேசி முடிங்க."

"ஏட்டி, இத மொதல்லயே சொல்லப்பிடாதா? பிரகாரம் பூரா அவளத் தேடித் தேடி என் காலு போச்சி!"

திரும்பும்போது ஆட்டோவில் அம்மாவும் சித்தப்பாவும் பேசி ஓயவில்லை. அத்தை முந்தானையால் முகத்தை மூடி அழுதுகொண்டே வந்தாள். மாப்பிள்ளை பிடிக்கவில்லை போலும் என்று நினைத்து, வேறு நல்ல மாப்பிள்ளையாகக் கொடு என்று அம்மனிடம் வேண்டிக்கொண்டேன். நல்லவேளை, அம்மன் அதைக் காதில் வாங்கவில்லை. வேண்டாம் என்று சொன்னவர்கள் முன்னால் ஒரு நாளும் அழாத அத்தை, வேண்டும் என்ற ஒரு சொல்லுக்கு அப்படி அழுவாள் என்று எனக்கு அப்போது எப்படித் தெரியும்?