மூன்று உறைகள்

தையல் ஆலையில் இருநூறு மெஷின்கள். எது மக்கர் செய்தாலும் கூப்பிடுவது மெக்கானிக் அக்காவைத்தான். வயது முப்பது; வாய்க்கு மட்டும் அறுபது. நூல் அறுந்ததை மட்டும் சொல்லி, மெஷின் கத்தியதை மறைக்கிற தையல்காரிகளைக் கண்டாலே அவளுக்கு ஆகாது. "ஒண்ணைச் சொல்லி ஒண்ணை மறைச்சா நான் என்ன ஜோசியமா பாக்குறது? மொத்தத்தையும் கக்கு!" என்பாள்.

ஊருக்குத்தான் உபதேசம். அந்த மகராசி பதினோரு வருஷமாகத் தன் உடம்பின் கோளாறை மூன்று உறைகளில் பிரித்து வைத்திருந்தாள்.

பருவுக்கும் மோவாய் முடிக்கும் தோல் டாக்டர். அவர் களிம்பு கொடுத்தார். எடைக்கு இன்னொருவர், வாயைக் கட்டச் சொன்னார். நாலைந்து மாதத்துக்கு ஒருமுறை எட்டிப் பார்க்கும் மாதவிலக்குக்கு மூன்றாமவர். ஸ்கேனில் ஒன்றுமில்லை, கல்யாணம் ஆனால் சரியாகிவிடும் என்று அனுப்பிவிட்டார். இதைச் சொல்ல ஒரு படிப்பு, ஒரு வெள்ளைக் கோட்டு!

டாக்டருக்கு ஓர் உறை என்று சீட்டுகளைப் பிரித்து வைத்தது அம்மா. ஒரு டாக்டரிடம் இன்னொருவரின் சீட்டைக் காட்டக் கூடாது என்பது அவள் சட்டம். "நம்பிக்கை இல்லையான்னு கோவிச்சுக்குவாங்கடி." வெளியாள் முன்னால் பேசும்போது அம்மா எப்போதும் மோவாயில் கை வைத்துக்கொள்வாள். அது கௌரவம் என்றே மகள் நினைத்திருந்தாள். வீட்டுக்குள் அந்தக் கௌரவம் கிடையாது. "தின்னு தின்னு நீயே கெடுத்துக்கிட்டே" என்பதுதான் தினசரிப் பாட்டு. கேட்டுக் கேட்டு மகளும் அதை நம்பிவிட்டாள். மெஷினுக்கு வக்காலத்து வாங்குகிறவளுக்குத் தன் உடம்புக்காக ஒரு வார்த்தை பேசத் தெரியவில்லை.

ஏழு மாதம் மாதவிலக்கு வராமல் போனதும் பயந்துபோய், ஒரு பெண் டாக்டரிடம் போனார்கள். அம்மா மூன்றாவது உறையை மட்டும் நீட்டினாள்.

"வேற ஏதாவது தொந்தரவு இருக்கா?"

"ஒண்ணுமில்லைங்க" என்றாள் அம்மா, அப்படியே தையல்காரிகளின் குரலில்.

மகளுக்குச் சுருக்கென்றது. பையைக் கவிழ்த்து மற்ற இரண்டு உறைகளையும் மேஜையில் கொட்டினாள். டாக்டர் எல்லாவற்றையும் படித்துவிட்டு ரத்தப் பரிசோதனைக்கு எழுதினார். அடுத்த வாரம் முடிவு வந்தது.

"இதுக்குப் பேர் பி.சி.ஓ.எஸ்., ஒரு ஹார்மோன் கோளாறு. தைராய்டு மாதிரி வேற காரணம் எதுவும் இல்லைன்னு பாத்தாச்சு."

"ஸ்கேன்ல ஒண்ணுமில்லைன்னாங்களே?" என்றாள் மகள்.

"மாதவிலக்கு தள்ளிப் போறது, ஆண் ஹார்மோன் கூடுறது, சினைப்பை ஸ்கேன்ல வேற மாதிரி தெரியுறது. இந்த மூணுல ரெண்டு இருந்தா போதும். உங்களுக்கு முதல் ரெண்டும் இருக்கு."

"அப்ப நான் தின்னு கெடுத்துக்கலையா?"

"இல்லம்மா. பருவும் மோவாய் முடியும் இதனாலதான் வருது. எடை ஏறுறதும் இதோட சேர்ந்தே வரும். முழுசா போகாது, ஆனா கட்டுக்குள்ள வெச்சுக்கலாம்."

பதினோரு வருஷப் பழி ஒரு நிமிஷத்தில் இறங்கியது. அவளுக்கு அழுகையைவிட ஆத்திரம்தான் அதிகம் வந்தது.

"இது குடும்பத்துல வர்றதும் உண்டு. வேற யாருக்காவது இருக்கா?"

"எங்க பரம்பரையிலயே கிடையாதுங்க" என்றாள் அம்மா, மோவாயில் கையை வைத்து.

மகள் அந்தக் கையைப் பார்த்தாள். தினமும் காலையில் அம்மா குளியலறையைப் பூட்டிக்கொண்டு அரைமணி நேரம் உள்ளே இருப்பது ஏன் என்று இப்போதுதான் புரிந்தது.

"அம்மா, கையை எடு."

அம்மா எடுக்கவில்லை.