வலது நிரலில் ஒரு பச்சை ரேகை

அந்தத் தாளில் இரண்டு பச்சைப் பெருவிரல் ரேகைகள் இருக்கின்றன. இடது நிரலில் இருப்பது சரியானது. வலது நிரலில் இருப்பது அங்கே இருந்திருக்கவே கூடாது.

கட்டுகஸ்தோட்டையில் ஒரு கராஜில் பொறியியலாளராகச் சேர்ந்த முதல் வருடம். பேராதனைப் பக்கத்து டொக்டர் ஒருவரிடம் ஒரே காலத்துப் பழைய சொகுசுக் கார்கள் இரண்டு இருந்தன; ஒன்று பிரெஞ்சு, மற்றது ஜேர்மன். ஒன்றை விற்க வேண்டும், ஒப்பிட்டு எழுதித் தாருங்கள் என்றார். அவருடைய டிரைவர் புசல்லாவைக்காரர், வேலைக்கு வந்து இரண்டு மாதம். பிரெஞ்சுக் காரை ஸ்டார்ட் செய்ததும் அது தரையிலிருந்து மெல்ல உயரும். "பாத்தீங்களா மிஸ், இவ எந்திரிச்சு நின்னு மரியாதை குடுக்குறா. அந்த ஜேர்மன்காரனுக்கு நாமதான் குனியணும்," என்பார்.

இடது நிரலில் பிரெஞ்சு, வலது நிரலில் ஜேர்மன் என்று எழுதிக்கொண்டே போனேன்: இருக்கை, துரு, கதவு மூடும் சத்தம், உதிரிப்பாகம். பிரெஞ்சுக் கார் படகுபோல மிதந்தது. ஜேர்மன் காரில் பாதையின் ஒவ்வொரு கல்லும் உறைத்தது. ஆனால் திருப்பிய பக்கம் திரும்பியது. வலது நிரலின் அடியில் 'மலைப்பாதைக்கு நம்பகமானது' என்று எழுதினேன். பிரேக் ஒயில் இரண்டிலும் சற்றுக் குறைவு. இரண்டு நிரலிலும் ஒரே சொல்: 'நிரப்பவும்'. பிரெஞ்சுக் காருக்குரிய பச்சை எண்ணெய் ஜேர்மன் காருக்குள் போனால் பிரேக்கின் ரப்பர் வளையங்கள் ஊதிக் கெட்டு, பிரேக் பிடிக்காமல் போய்விடும். எனக்கு அது அவ்வளவு நன்றாகத் தெரிந்திருந்ததால் எழுதத் தோன்றவில்லை.

நான்கு நாள் கழித்துக் காலையில் டொக்டர் வீட்டுக்குப் போனபோது ஷெட்டில் ஜேர்மன் கார் இல்லை. தன் மகளை அழைத்துவர டிரைவரை விமான நிலையத்துக்கு அனுப்பி அரைமணி நேரம் ஆகிறது என்றார் டொக்டர். "மலைப்பாதைக்கு அதுதான் நல்லம் என்று நீங்கதானே எழுதினீங்க?" என்று தாளைத் தந்தார். டிரைவர் அதைப் பார்த்தே வேலை செய்து, முடித்த வரிகளிலெல்லாம் பெருவிரலைப் பதித்திருந்தார். மற்றவை கிறீஸின் கறுப்பு. பிரேக் ஒயில் வரியில் மட்டும் இரண்டு பக்கமும் பச்சை.

அழைத்தேன். மணி போய்க்கொண்டே இருந்தது. வண்டி ஓட்டும்போது டிரைவர் போன் எடுப்பதில்லை, நல்ல பழக்கம். விமான நிலையத்துக்குப் போகும் வழியிலுள்ள கடுகண்ணாவை இறக்கத்தின் வளைவுகளை மனதில் ஒவ்வொன்றாகக் கடந்தபடி மறுபடி மறுபடி அழைத்தேன்.

பள்ளத்தில் விழாமல், மலைச்சரிவில் மோதிக் காரை நிறுத்தியிருந்தார். வலது முழங்கால் நொறுங்கிப்போயிருந்தது. கவனமில்லாதவன் என்றார் டொக்டர். வைத்தியசாலைக் கட்டிலில் டிரைவர் என்னிடம் கேட்டது ஒன்றுதான்: "ரெண்டுக்கும் நிரப்பச் சொல்லித்தானே மிஸ் எழுதியிருந்தீங்க? நான் எதையும் மாத்திப் படிச்சிட்டேனா?"

"பேசாம படுங்கண்ணே," என்றேன்.

இப்போது என் பட்டியல்களில் எண்ணெயின் முழுப் பெயரும் இருக்கும். அவர் வண்டி ஓட்டுவதில்லை. நேற்று அவருடைய மகள் அழைத்தாள். "அப்பா அந்தத் தாள ஒரு தடவ பாக்கணுமாம் மிஸ். ஞாயித்துக்கெழம கூட்டிட்டு வர்றேன்."

தாளை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். எண்ணெய் ஊறிய இடம் இன்னும் கண்ணாடிபோல இருக்கிறது. அவருடைய ரேகைக்குள் என் கையெழுத்தில் 'நிரப்பவும்', பின்பக்கத்திலிருந்தும் தெரிகிறது.