செலோடேப் ஒட்டிய கேசட்டுகள்

கீழக்கரையில் சதக்கத்துல்லாவின் வீட்டை "வித்துவான் வீடு" என்பார்கள். அஸர் தொழுகை முடிந்து அவர் வந்துவிட்டால் மாடி ஜன்னல் வழியே காம்போதியோ கல்யாணியோ தெருவுக்கு இறங்கி வரும். ஷார்ஜாவில் பன்னிரண்டு வருஷம் கிடங்கு வேலை பார்த்த அவருக்கு ஒரு வரி பாட வராது. கேட்க மட்டும் தெரியும். அலமாரியில் இருக்கும் நானூற்றுச் சொச்சம் கேசட்டுகளில் எதை எடுத்து நீட்டினாலும் எந்த ஊர்க் கச்சேரி, மிருதங்கம் யார், எந்த இடத்தில் சபையில் ஒருவர் இருமினார் என்பதுவரை சொல்லிவிடுவார்.

அந்த ஞாபகம்தான் இப்போது அவரைக் குத்தியது.

மனைவி சபியாவுக்குப் பக்கவாதம் வந்து எட்டு மாதம் ஆகிறது. வலது கையோடு பேச்சும் போய்விட்டது. "என்ன", "வேணாம்" என்ற இரண்டு சொற்கள்தான் மிச்சம். பேச்சுப் பயிற்சி கொடுக்க ராமநாதபுரத்திலிருந்து வரும் பெண் ஒருநாள் கேட்டாள்: "அம்மா முன்னாடி பேசின பதிவு ஏதாவது இருக்கா? அவங்க குரலையே கேட்டு, கூடவே சொல்லிப் பார்க்கட்டும்."

மகள் ருக்ஸானா தன் போனைத் துழாவினாள். சபியா ஒரு குரல்செய்திகூட அனுப்பியதில்லை. கல்யாண வீடியோவில் மைக்கைக் கண்டதும் முந்தானையால் வாயை மூடித் திரும்பிக்கொண்டிருந்தாள்.

"மிசினுன்னாலே உம்மா ஏன் வாப்பா வாயத் தொறக்க மாட்டேங்குறாங்க?"

அவருக்குத் தெரியும்.

அவர் ஷார்ஜாவில் இருந்தது கடிதத்துக்குப் பதில் கேசட் போய்வந்த காலம். அவர் நல்ல ஜப்பான் கேசட்டாக வாங்கி, ஊருக்குப் போகிறவர் கையில் கொடுத்தனுப்புவார். சபியா கதவைச் சாத்திக்கொண்டு இரண்டு பக்கமும் பேசித் திருப்பி அனுப்புவாள். கேசட்டின் முதுகில் இரண்டு சின்னப் பற்கள் இருக்கும். அவற்றை உடைத்துவிட்டால் அதன்மேல் வேறெதுவும் பதியாது. சபியா ஊசியால் நெம்பி உடைத்துத்தான் அனுப்புவாள்.

அவர் அறையில் தங்கியிருந்த மாயவரத்துக்காரர் ஒருவரிடம் கச்சேரிப் பதிவுகள் குவிந்து கிடந்தன. பதிவு செய்ய வெள்ளிக்கிழமை மட்டும்தான் தோது. அன்றைக்கென்று பார்த்து வெறும் கேசட் இருக்காது. உடைந்த பல்லின் பள்ளத்தில் செலோடேப் ஒட்டினால் மெஷின் ஏமாந்துவிடும். கேட்டாயிற்று, இனி எதற்கு என்று ஒட்டினார். சபியாவின் மேல் காம்போதி பதிந்தது.

ஊர் திரும்பிப் பெட்டியைப் பிரித்த அன்று சபியா ஒரு கேசட்டைத் திருப்பிப் பார்த்தாள். செலோடேப்பை விரலால் தடவினாள்.

"பேசுனவ வாசல்ல நிக்கிறா, பாடுனவரு நடுவூட்டுல உக்காந்திருக்காரு. நல்லாருக்கு மச்சான்" என்றாள். சண்டை போடவில்லை. அதற்குப் பிறகு எந்த மெஷின் முன்னாலும் பேசவில்லை.

இப்போது செலோடேப் ஒட்டியவற்றை மட்டும் பொறுக்கி எடுத்தார். இருபத்தாறு இருந்தன. கச்சேரி முடிந்து நாடா மிஞ்சிய இடத்தில் பழைய குரல் தங்கியிருக்கலாம். மூன்று நாள் அப்பாவும் மகளும் ஒவ்வொரு பக்கத்தின் கடைசியையும் கேட்டார்கள். மங்களம், கைதட்டல், இரைச்சல். ஒரு அங்குலம் விடாமல் நிரப்பியிருந்தார்.

"கஞ்சத்தனமாப் புடிச்சிருக்கீகளே வாப்பா" என்றாள் ருக்ஸானா. அவர் அடுத்த கேசட்டைப் போட்டார்.

பத்தொன்பதாவது கேசட்டில் கைதட்டல் பாதியில் அறுந்தது. 'டக்' என்று ஒரு சத்தம்.

"...ஏத்தா பஞ்சம்மா, இது நேத்து மீனு. கண்ணப் பாரு, உள்ள போயிருச்சு. எங்கிட்டயே ஏமாத்தப் பாக்குறியா? அல்லா, இது இன்னும் ஓடிக்கிட்டுல்ல இருக்கு..."

அவ்வளவுதான். பேசி முடித்துவிட்டோம் என்று நினைத்து, நிறுத்த மறந்து, கதவைத் திறந்து மீன்காரியிடம் பேசியிருக்கிறாள். இருபது நொடி.

கீழே சபியாவிடம் கொண்டுபோய்ப் போட்டுக் காட்டினார்கள். முதல் தடவை சபியா அசையவில்லை. மூன்றாம் தடவை உதடு கோணி, "நே... நேத்து" என்றாள். ருக்ஸானா அவள் தோளைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

சபியா இடது கையால் கேசட்டைக் காட்டினாள். விரலைப் பின்பக்கமாகச் சுழற்றினாள். பிறகு தன் நெஞ்சைத் தொட்டாள்.

"அதுக்கு முன்னாடி என்ன பேசுனாங்கன்னு கேக்குறாங்க வாப்பா."

அதற்கு முன்னால் நாற்பது நிமிஷம் காம்போதி. நடுவில் வயலின்காரருக்குத் தந்தி அறுந்தது, சபை உச்சுக்கொட்டியது, அவர் மாற்றிக்கொண்டு விட்ட இடத்திலேயே சேர்ந்தார். எல்லாம் தெரியும். சபியா சொன்னதில் ஒரு சொல் கிடைக்குமா என்று தேடினார். ஒரே ஒரு தடவைதான் கேட்டிருந்தார்.

"ஞாவகம் இல்ல புள்ள" என்றார், மகளைப் பார்த்து.

"என்ன?" என்றாள் சபியா.

அவர் மெஷினிலிருந்து கேசட்டை எடுத்தார். அவள் கேசட்டை வாங்கி மடியில் கவிழ்த்தாள். மஞ்சளேறிய செலோடேப்பின் ஓரத்தை இடது கை நகத்தால் சுரண்டத் தொடங்கினாள். ஒற்றைக் கையால் வெகுநேரம் பிடித்தது. உதவ ருக்ஸானா குனிந்தபோது, "வேணாம்" என்றாள்.

இரண்டு ஒட்டும் பிசுபிசுவென்று உரிந்து வந்தன. பள்ளங்கள் தெரிந்தன. சதக்கத்துல்லா கை நீட்டினார். அவள் கொடுக்கவில்லை. தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டாள்.