சூசை அங்கிள் கேட்ட திருத்தம்

அன்று காலை ஆறு மணிக்குப் பேருந்து சரியான நேரத்துக்கு வந்து நின்றது. கதவு திறந்தபோது ஓட்டுநர் இருக்கையில் வேறொருவர் இருந்தார். சூசை அங்கிள் விடுமுறையில் இருப்பார் என்று நினைத்து ஏறிக்கொண்டேன். என் பக்கத்தில் வந்து உட்கார்ந்த பரமேஸ் அக்கா கைப்பேசியை என் முகத்துக்கு நேரே நீட்டினார். "நேத்து சாயங்காலம் வீட்டுல நெஞ்சு வலின்னு சொல்லியிருக்காரு. ஆஸ்பத்திரி போய்ச் சேர்றதுக்குள்ள போயிட்டாராம்." லூனாஸிலிருந்து தொழிற்சாலை இருக்கும் கூலிம் ஹைடெக் பூங்கா வரையிலும் அந்தப் பேருந்தில் யாரும் பேசவில்லை. புதிய ஓட்டுநர் மட்டும் ஒருமுறை திரும்பிப் பார்த்து, "எப்பவும் இப்படித்தான் அமைதியா வருவீங்களா?" என்று கேட்டார்.

நாங்கள் ஒருநாளும் அமைதியாகப் போனதில்லை. அந்தப் பேருந்தில் வந்து போனவர்களுக்கு அது தெரியும். இதை அவர்களுக்காகத்தான் முதலில் எழுதுகிறேன். சூசைநாதன் என்பது அவருடைய முழுப் பெயர். பதினோரு ஆண்டுகள் எங்கள் தொழிற்சாலைப் பேருந்தை ஓட்டினார். அதற்கு முன்பு தோட்டங்களிலிருந்து எண்ணெய் ஆலைக்குச் செம்பனைக் குலை ஏற்றிச் செல்லும் லாரி. அதற்கும் முன்பு, பதினெட்டு வயதில், சிங்கப்பூரில் தேசிய சேவை என்னும் கட்டாய ராணுவப் பணி. அவருடைய அப்பா துறைமுக வேலைக்காக அங்கே போய்க் குடியேறியதால் அவர் அங்கே பிறந்தவர். சேவை முடிந்த மறு வருடம் எல்லை தாண்டி இங்கே, பாடாங் மேஹாவில் ஒரு சொந்தக்காரர் கல்யாணத்துக்கு வந்த இடத்தில் ரீட்டா ஆன்ட்டியைப் பார்த்தார். "திரும்பிப் போனது பெட்டிய எடுத்துட்டு வர்றதுக்குத்தான்" என்பார்.

நான் முன் இருக்கையில் புத்தகத்தோடு உட்காருகிறவள். பேருந்தில் யாரிடமும் அதிகம் பேசமாட்டேன். ஒருநாள் அவர் கண்ணாடி வழியாகப் பார்த்துவிட்டு, "என்னம்மா, அந்தப் புக்குல யாராச்சும் செத்துட்டாங்களா? மூஞ்சி அப்படி இருக்கு" என்று கேட்டார். உண்மையில் அந்தப் பக்கத்தில் ஒருவர் இறந்திருந்தார். சொன்னேன். "அப்ப நாளைக்கு வேற புக்கு எடுத்துட்டு வா. காலையில ஆறு மணிக்கு சாவு வேணாம்லா" என்றார். அன்றிலிருந்து பேச ஆரம்பித்தோம். பேசினோம் என்பதைவிட, அவர் பேசினார், நான் கேட்டேன் என்பதுதான் சரி.

வான்வழிக் காலாட்படையில் சேர்க்கப்பட்ட கதையை அவர் தவணை முறையில்தான் சொன்னார். ஒரு பயணத்துக்கு ஒரு துண்டு. கடிதம் வந்த நாளில் அம்மா அழுதது, தலை மழித்த பிறகு பரிமாறப்பட்ட முதல் சோறு, குதிக்கப் பழகிய கோபுரம். விமானத்துக்குள் இரண்டு வரிசையாக நிற்பார்களாம். மேலே ஓடும் கம்பியில் ஒவ்வொருவரும் தன் கொக்கியை மாட்டிக்கொள்ள வேண்டும். பிறகு பின்னால் நிற்பவன் முன்னால் நிற்பவனின் முதுகைச் சரிபார்த்து, தோளில் தட்ட வேண்டும். "உன் முதுகு உனக்குத் தெரியாதும்மா. அதனால பின்னால நிக்கிறவன நம்பித்தான் ஆகணும். எனக்குப் பின்னால நின்னது சிவநேசன். தோள்ல தட்டமாட்டான், குத்துவான்."

முதல் குதிப்பில் கண்ணை மூடிக்கொண்டதாகச் சொன்னார். "ரெண்டாவது தடவதான் பயம். ஏன்னா என்ன நடக்கும்னு தெரிஞ்சுபோச்சு." மூன்றாவது முறை கீழே பச்சை வயலுக்கு நடுவில் ஒரு ஆள் சைக்கிளை நிறுத்திவிட்டு அண்ணாந்து பார்த்தது தெரிந்ததாம். நான்காவது முறை வான்குடை விரிந்ததும் மேலே அப்படி ஒரு அமைதி. பாட வேண்டும்போல இருந்து, மாதா கோவிலில் கற்ற பாட்டு ஒன்றைப் பாடியிருக்கிறார். "அஞ்சு குதிச்சாதான் சிறகுச் சின்னம் குத்துவாங்க. அஞ்சாவது..." என்று அவர் ஆரம்பித்தபோது பேருந்து தொழிற்சாலை வாசலுக்கு வந்துவிட்டது. நாங்கள் இறங்கினோம்.

அந்தத் துண்டை நான் கேட்டு வாங்கவே இல்லை.

அவரைப் பற்றி எழுதட்டுமா என்று கேட்டபோது, "எழுது. ஆனா என்னப் பெருசா போட்டுடாத" என்று மட்டும் சொன்னார். எழுதியதை அவரிடம் காட்டவில்லை. அச்சில் பார்த்து அவர் ஆச்சரியப்பட வேண்டும் என்று ஆசைப்பட்டேன். கட்டுரை இந்த நாளிதழின் இதே ஞாயிறு பக்கத்தில் வந்தது. அச்சில் வந்த என் முதல் எழுத்து அது. அதில் இப்படி ஒரு வாக்கியம் இருந்தது: "ஐந்தாவது முறையும் கொஞ்சமும் தயங்காமல் குதித்து, நெஞ்சில் சிறகுச் சின்னத்தைப் பெற்றார்." நான்குக்குப் பிறகு ஐந்து வரும் என்று எனக்குத் தெரியும், அது போதும் என்று நினைத்தேன். அந்த வாக்கியத்தைத்தான் பலரும் பாராட்டினார்கள்.

இரண்டு வாரம் கழித்து, எங்கள் தாமான் குடியிருப்பாளர் சங்கத்தினர் ஆண்டுக்கூட்டத்தில் அவரை மேடைக்கு அழைத்துப் பொன்னாடை போர்த்தினார்கள். பின்னால் தொங்கிய பதாகையில் அவர் படத்தின்கீழ் "பாராசூட் வீரர்" என்று எழுதியிருந்தது. ஒலிவாங்கியைக் கொடுத்தார்கள். அவர், "நான் வந்து, அது வந்து..." என்று இரண்டு முறை தொடங்கினார். தன்னடக்கம் என்று நினைத்துக் கூட்டம் கைதட்டியது. சங்கத் தலைவர் அவரைக் கட்டிப்பிடித்து, "அண்ணே, பேச்சே வரலயா? மேலேருந்து குதிச்சவரு மைக்கப் பாத்து பயப்படுறாரு பாருங்க!" என்றதும் அரங்கமே சிரித்தது. முன்வரிசையில் உட்கார்ந்து நானும் சிரித்தேன்.

மறுநாள் காலை தொழிற்சாலை வாசலில் எல்லாரும் இறங்கும்வரை காத்திருந்து, என்னை மட்டும் நிற்கச் சொன்னார். கோபமாக இல்லை. ஸ்டியரிங்கில் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு, முன்கண்ணாடியைப் பார்த்தபடியே சொன்னார்.

"அஞ்சாவது நான் குதிக்கலம்மா."

பிறகு விவரமாகச் சொன்னார். பச்சை விளக்கு எரிந்தது. அவருக்கு முன்னால் இருந்தவன் போய்விட்டான். கதவருகே வந்தவருக்குக் கால் நகரவில்லை. "பயம்னு நெனச்சுக்காத. பயம் முன்னாடி நாலு தடவையும் இருந்துச்சு. அன்னிக்குப் பயம்கூட இல்ல. காலு வரல, அவ்வளவுதான்." பயிற்சியாளர் அவரை இழுத்து ஓரமாக உட்காரவைப்பதற்குள் சில நொடிகள் போய்விட்டன. அடுத்து குதித்த சிவநேசன் வயலைத் தாண்டி மரங்களுக்குள் விழுந்தார். தொடை எலும்பு முறிந்தது. இன்றும் சாய்ந்துதான் நடக்கிறார். "நான் ஏறின பிளேன்லயே எறங்கினேன். சின்னம் கெடைக்கல. மிச்ச நாளெல்லாம் கொட்டகையில மத்தவங்க குதிச்ச பாராசூட்டுல புல்லு பொறுக்கி, ஒதறி, மடிச்சு வச்சேன்."

நாற்பது ஆண்டுகளாக மாதத்தின் முதல் சனிக்கிழமை மதியம் அவர் சிவநேசனைத் தொலைபேசியில் அழைப்பார். யாரோ என் கட்டுரையைப் படமெடுத்து அனுப்ப, அது சிங்கப்பூர் வரை போயிருக்கிறது. சிவநேசனிடமிருந்து வந்த செய்தியை அங்கிள் எனக்குக் காட்டினார். "டேய் சூசை, அஞ்சாவது எப்படா குதிச்ச? எனக்குச் சொல்லவே இல்ல?" பக்கத்தில் சிரிக்கும் முகம் ஒன்று.

"அவரு கிண்டல்தான் பண்றாரு அங்கிள்" என்றேன்.

"பண்ணட்டும். ஆனா நான்தான் உன்கிட்ட அப்படிச் சொன்னேன்னு நெனப்பான்லா. அவன் கால எடுத்து என் நெஞ்சுல சின்னமா குத்திக்கிட்டேன்னு நெனப்பான்." கைப்பேசியைச் சட்டைப் பையில் வைத்தார். "ஒரு சின்னத் திருத்தம் போடும்மா. ரெண்டு வரி போதும். அது வந்த ஒடனே படம் புடிச்சு அனுப்பிட்டு அவனுக்குப் போன் பண்றேன். அதுவரைக்கும் என்னால அவன்கிட்டப் பேச முடியாது."

சரி என்றேன். அன்றே எழுதியும் வைத்தேன், இரண்டு வரி. அனுப்பவில்லை. முதல் கட்டுரையிலேயே தவறு என்றால் இனி என் எழுத்தை யார் நம்புவார்கள் என்று பயந்தேன். பாராட்டியவர்களின் முகங்கள் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தன. அடுத்த வாரம் அவர் கேட்டபோது, "ஆசிரியர்கிட்ட சொல்லிட்டேன் அங்கிள், இந்த வாரம் எடமில்லையாம்" என்றேன். நான் ஆசிரியரிடம் சொல்லவே இல்லை. அதற்கடுத்த மாதமும் அதே பதிலைச் சொன்னேன். மூன்றாவது முறை அவரே எனக்கு ஆறுதல் சொன்னார். "பரவால்லம்மா, ரொம்பத் தொந்தரவு பண்ணாத. அவங்களுக்கும் எத்தனையோ வேலை இருக்கும்." அதற்குப் பிறகு அவர் கேட்கவில்லை. கேட்காததை நான் எனக்கு வசதியாக எடுத்துக்கொண்டேன்.

இப்படியே ஏழு மாதம் போயிற்று. முன் இருக்கையில்தான் உட்கார்ந்தேன். அவர் தோட்டத்து லாரிக் கதைகளைச் சொன்னார்; ஒருமுறை குலை இறக்கும் இடத்தில் லாரிக்கு அடியிலிருந்து மலைப்பாம்பு வெளிவந்ததைச் சொல்லி என்னைச் சிரிக்கவைத்தார். பேருந்து வேலைதான் தனக்குப் பிடித்தது என்றார். "இதுல கதவத் தொறந்தா ஆளுங்க தானா எறங்குறாங்க. யாரையும் போ போன்னு சொல்லத் தேவையில்ல." ராணுவத்தைப் பற்றி மட்டும் அதற்குமேல் ஒரு துண்டும் வரவில்லை.

அடக்கத்தன்று மாதா கோவிலில் இடமில்லாமல் வெளியேயும் ஆட்கள் நின்றார்கள். அதற்கு முன், வீட்டில் உடல் இருந்தபோது சங்கத் தலைவர் பேசினார். "ஐந்து முறை வானிலிருந்து குதித்த நம் வீரர்" என்றார். என் வாக்கியத்தை அவர் மனப்பாடமாகவே வைத்திருந்தார். ரீட்டா ஆன்ட்டி என் கையைப் பிடித்துக்கொண்டு, "ஞாயித்துக்கெழம ஆனா பூசைக்குப் போறதுக்கு முன்னாடியே பேப்பர் வாங்கிடுவாரு. உன் எழுத்து வந்திருக்கான்னு தேடுவாரு. இல்லன்னா மடிச்சு வச்சிடுவாரு" என்றார். அவர் தேடியது என் எழுத்தை அல்ல, அந்த இரண்டு வரியை என்று அப்போது சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

சிங்கப்பூரிலிருந்து பேருந்தில் வந்திருந்த ஒரு மனிதர் வலதுபக்கம் சாய்ந்து நடந்து வந்து பெட்டியருகே நின்றார். சிவநேசன். நான் போய், அந்தக் கட்டுரையை எழுதியவள் என்று சொன்னேன். "ஓ, நீங்களா? நல்லா எழுதியிருந்தீங்க" என்றார். பிறகு அவராகவே சொன்னார்: "சும்மா ஒரு கிண்டல் பண்ணேன்லா. பதிலே போடல. போனும் நின்னுபோச்சு. நான் பண்ணினாலும் எடுக்கல. கோவிச்சுக்கிட்டான்னு நெனச்சேன். தீபாவளிக்கு நேர்ல வந்து திட்டலாம்னு இருந்தேன்."

அங்கேயும் நான் உண்மையைச் சொல்லவில்லை. நான்கு நாள் கழித்து முதலில் சிவநேசனைத் தொலைபேசியில் அழைத்து, இரண்டு வரியையும் பொய்யையும் சொன்னேன்.

"அவன் நின்னதாலதான் என் கால் ஒடிஞ்சது. அது உண்மைதான்" என்றார் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு. "அதுக்கென்ன இப்ப? நான் ஆஸ்பத்திரியில கெடந்தப்ப தெனம் வந்தவன் அவன். நாப்பது வருஷம் மாசாமாசம் போன் பண்ணவன் அவன். வேற யாரு பண்ணா? எனக்கு எதுக்கும்மா திருத்தம்? எனக்கு அவன் வேணும்." வைத்துவிட்டார். என்னை மன்னித்ததாக அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

ரீட்டா ஆன்ட்டியிடம் நேரில் போய்ச் சொன்னேன். குதிக்காத கதை அவருக்குக் கல்யாணத்துக்கு முன்பே தெரிந்திருந்தது. "பொண்ணு பாக்க வந்தன்னிக்கே சொன்னாரு. எங்கப்பா சிரிச்சிட்டாரு. தரையில ஒழுங்கா நடந்தா போதும் மாப்ளேன்னாரு." பிறகு முகம் மாறியது. "எடமில்லன்னு நீ சொன்னத நம்பி, பாவம், அவங்க பேப்பர்ல எடம் கெடைக்கிறது எவ்ளோ சுசா, எவ்ளோ கஷ்டம்னு என்கிட்டயே சொல்லிக்கிட்டிருந்தாரு." ஆன்ட்டி எழுந்தார். உள்ளே போய்த் தண்ணீர் கொண்டுவந்து வைத்தார். "எழுது. உள்ளத எழுது. ஆனா நாலு தடவ குதிச்சாருல்ல? அத விட்டுடாத."

விடவில்லை ஆன்ட்டி. இதே பக்கத்தில் நான் எழுதிய கட்டுரையில் இருந்தது தவறு. சூசைநாதன் நான்கு முறை குதித்தார். ஐந்தாவது முறை குதிக்கவில்லை. சிறகுச் சின்னம் பெறவில்லை; பெற்றதாக யாரிடமும் ஒருநாளும் சொன்னதில்லை. அதைச் சொன்னது நான்.

அவருடைய பேச்சு, சிரிப்பு, லாரிக் கதைகள் எல்லாம் அந்தப் பேருந்தில் வந்த எல்லாரிடமும் இருக்கின்றன. என்னிடம் மட்டும் தங்கியிருப்பது வேறு. இந்த வரிகள் ஏழு மாதத்துக்கு முன் வந்திருந்தால், பூசை முடிந்து வந்ததும் அவர் படமெடுத்து அனுப்பிவிட்டு, சிங்கப்பூருக்கு ஒரு அழைப்பு போட்டிருப்பார். அந்த அழைப்பை நான் வைத்திருக்கிறேன். திருப்பிக் கொடுக்க இனி ஆளில்லை.