கிங் பரட் வந்த ஞாயிற்றுக்கிழமை

எங்கள் பென்டில் ஹில் வாடகை வீட்டின் பின்வளவைச் சித்தி தனியாளாகத் துப்புரவாக்கியது ஓர் ஆகஸ்ட் மாதத்தில். வீட்டைப் பார்வையிட ஏஜென்ட் வரப்போவதாகக் கடிதம் வந்திருந்தது. அம்மா அதைக் குளிர்பெட்டிக் கதவில் ஒட்டிவைத்து, போகும்போதும் வரும்போதும் பார்த்துப் பெருமூச்சு விட்டார். அப்பா அதைப் பார்க்காமல் போகப் பழகிக்கொண்டார். மூன்றாம் நாள் சித்தி தலையில் ஒரு துவாயைக் கட்டி, அப்பாவின் பழைய சப்பாத்தை மாட்டிக்கொண்டு வெளியே இறங்கினார்.

சித்தி அம்மாவின் கடைசித் தங்கை. அந்த ஜனவரியில்தான் யாழ்ப்பாணத்திலிருந்து வந்திருந்தார். வந்தது எங்களோடு இருப்பதற்கல்ல, ஒன்பது மாத விசாவில் கல்யாணம் கட்டுவதற்கு. மாப்பிள்ளை மெல்பனில் இருந்தார். வெரிபீ பக்கம் புதிதாக வீடு கட்டிக்கொண்டிருந்தார். வீடு முடியட்டும், பிறகு கல்யாணம் என்றார். ஓடு போட்டாயிற்று, குசினி வேலை இன்னும் முடியவில்லை என்றார். கல்யாணம் மார்ச்சிலிருந்து மே மாதத்துக்கும், மேயிலிருந்து ‘பிறகு பாப்பம்’ என்பதற்கும் தள்ளிப்போனது. இன்றோ நாளையோ மெல்பன் போகப் போகிறவருக்கு இங்கே எதற்கு வேலை என்று சித்தியும் வீட்டிலேயே இருந்தார்.

இந்த ஏற்பாடு எட்டு வயதான எனக்கு மிகவும் பிடித்திருந்தது. சித்தி என் அறையில் படுத்தார். என் தலையை இழுத்துப் பின்னி, பள்ளிக்கூட வாசல் வரை நடந்து வந்தார். அம்மாவுக்கு முதியோர் இல்லத்தில் வேலை. அப்பாவுக்குக் களஞ்சியசாலையில் இரவு வேலை. இருவரும் என்னைப் பார்க்கும்போது களைத்துப்போய்த்தான் பார்ப்பார்கள். களைக்காமல் என்னைப் பார்த்த முதல் ஆள் சித்தி.

பின்வளவு அப்போது வளவாகவே இல்லை. போன கோடையில் அம்மா நட்ட கத்தரியும் மிளகாயும் இங்கே குளிர்காலமான ஜூன், ஜூலைப் பனியில் கருகி, குச்சிகளாய் நின்றன. வேலியோரம் முழுக்க உண்ணிச்செடி அடைத்துக்கிடந்தது. சித்தி ஒரு பக்கத்திலிருந்து வெட்டிக்கொண்டு போனார். செடிக் குப்பை போடும் பச்சைத் தொட்டியை இரண்டு கிழமைக்கு ஒருமுறைதான் எடுப்பார்கள் என்பதால், நிறைந்த தொட்டிக்குள் நான் ஏறி நின்று மிதித்தேன். ஏஜென்ட் வந்து, சுற்றிப் பார்த்து, சந்தோஷப்பட்டுப் போன பிறகும் சித்தி வேலையை நிறுத்தவில்லை. கையில் வேலை இருந்தால் கைபேசியைப் பார்க்கத் தேவையில்லை என்பது எனக்குத் தெரியாது. சித்திக்குத் தோட்டம் பிடிக்கும் என்றே நினைத்தேன்.

செடி வெட்ட வெட்ட அதற்குள் ஒளிந்திருந்த பறவைகள் வெளியே வந்தன. ஒருநாள் சித்தி அம்மாவின் இடியப்பத் தட்டு இரண்டை எடுத்து, கம்பி கோத்து, உடுப்புக் கொடியில் தொங்கவிட்டு, சூரியகாந்தி விதையைக் கொட்டினார்.

“இடியப்பத்துக்கு என்ன செய்யிறது?” என்று அம்மா கேட்டார்.

“ஓட்டை இருக்கிற தட்டுத்தான் நல்லது அக்கா. மழை பெய்தாலும் தண்ணி நிக்காது,” என்றார் சித்தி. அம்மா கேட்டதற்கு அது பதில் இல்லை. ஆனால் அம்மா சிரித்துவிட்டார்.

லோரிகீட் கிளிகள் சோடியாக வந்து ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு தின்றன. அவற்றைச் சித்தி புது மாப்பிள்ளை பொம்பிளை என்றார். வெள்ளைக் கொக்கட்டூக் கிளி வந்தால் மற்றதெல்லாம் விலகும், அது சண்டியன். தலையில் கூர்க்கொண்டை வைத்த புறா கொண்டைக்காரி. பள்ளிக்கூடத்தில் படம் பார்த்து நான் ஆசைப்பட்டது கிங் பரட்டுக்கு. தலையும் நெஞ்சும் சிவந்து, சிறகு பச்சையாய் இருக்கும் பெரிய கிளி. அது மட்டும் வரவில்லை.

“இதுகளை விட்டிட்டு நான் எப்பிடி மெல்பனுக்குப் போறது, சொல்லு பாப்பம்,” என்றார் சித்தி ஒருநாள், விதையை அள்ளிப் போட்டபடி.

“போகாதேங்கோ.”

“சரி. போகேல்லை.”

அவர் அதைச் சிரித்துக்கொண்டு சொன்னார். அது விளையாட்டுப் பேச்சென்று எனக்குத் தெரியாது என்று எழுதினால் முழு உண்மையாகாது. கொஞ்சம் தெரியும். தெரியாத மாதிரி இருப்பது எனக்கு வசதியாக இருந்தது.

அந்த ஞாயிறு காலை அம்மா வேலைக்குப் போய்விட்டார். அப்பா இரவு வேலை முடித்து வந்து தூங்கினார். நான் குசினி ஜன்னலடியில் கதிரை போட்டு ஏறி நின்றேன். வெளியே சித்தி இரண்டு கையும் நிறைய முள்ளுத் தடிகளோடு திரும்பினார். திரும்பியவர் அப்படியே நின்றுவிட்டார். தட்டில் கிங் பரட் இருந்தது.

சித்தி தடிகளைக் கீழே போடவும் இல்லை, அசையவும் இல்லை. கண்ணால் மட்டும் என்னைத் தேடி, சத்தம் போடாதே என்று தலையாட்டினார். அந்த முகத்தில் அப்போது இருந்த சந்தோஷத்தை அதற்குப் பிறகு நான் அவருடைய எந்தப் படத்திலும் பார்க்கவில்லை.

ஜன்னல் விளிம்பில் சித்தியின் கைபேசி அடித்தது. ஜன்னல் திறந்திருந்தது, சத்தத்துக்குக் கிளி பறந்துவிடும். அதற்காகத்தான் எடுத்தேன். இதை நான் எனக்கே பல தடவை சொல்லியிருக்கிறேன்.

மாப்பிள்ளை பேசினார். அவரைச் சித்தப்பா என்று கூப்பிடச் சொல்லியிருந்தார்கள். நான் எதுவும் கூப்பிடாமல் சமாளித்து வந்தேன்.

“பிள்ளையோ? சித்தி எங்க?”

“வெளியில,” என்றேன் இரகசியக் குரலில்.

“ஒருக்காக் குடுங்கோ பாப்பம். வீட்டுத் திறப்புக் கிடைச்சிட்டுது எண்டு சொல்லுங்கோ. அடுத்த மாதம் எழுத்து வைக்கலாமோ எண்டு கேக்க வேணும்.”

எழுத்து என்றால் கல்யாணப் பதிவு என்று அப்போது எனக்குத் தெரியாது. திறப்பு என்றால் சாவி என்பது விளங்கியது. வீட்டுக்குத் திறப்புக் கிடைத்தால் வந்து கூட்டிக்கொண்டு போய்விடுவார்.

சித்திக்கு மெல்பன் வர விருப்பமில்லை, இங்கேயே இருக்கப் போவதாகச் சொல்லிவிட்டார் என்றேன். அதை ஆங்கிலத்தில் சொன்னேன். பொய் சொல்ல எனக்கு அந்த மொழிதான் இலகுவாக வந்தது.

அவர் தமிழிலேயே கேட்டார்.

“அப்பிடியே சொன்னவ?”

“ஓம்.”

“சரி பிள்ளை. நான் கோல் எடுத்தனான் எண்டு சொல்ல வேண்டாம். நானே பிறகு கதைக்கிறன்.”

அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் பயந்து உண்மையைச் சொல்லியிருப்பேன். கைபேசியை இருந்த இடத்திலேயே வைத்தேன். கிளி இன்னும் தின்றுகொண்டிருந்தது.

இரண்டு நாள் கழித்துப் பின்னேரம் மாப்பிள்ளை மறுபடியும் கோல் எடுத்தார். சித்தி கைபேசியோடு வளவின் கடைசி மூலைக்குப் போனார். நான் ஜன்னலால் பார்த்தேன். சித்தி அதிகம் பேசவில்லை. நெடுநேரம் கேட்டுக்கொண்டு நின்றார். ஒருமுறை தலையைத் திருப்பி வீட்டைப் பார்த்தார். நான் குனிந்துகொண்டேன். உள்ளே வந்ததும் என்னைப் பிடித்து உலுக்கப் போகிறார் என்று நினைத்தேன். அவர் வந்து சப்பாத்தைக் கழற்றினார்.

“கை கழுவிப்போட்டு வா. சாப்பிடுவம்,” என்றார்.

அதற்குப் பிறகு வீட்டில் பெரியவர்கள் மெதுவான குரலில் பேசினார்கள். ‘விசா முடியுது’ என்ற சொல் அடிக்கடி கேட்டது. அப்பா கடையில் காசு கட்டத் தட்டும் வங்கி அட்டையிலும் அதே சொல்தான் எழுதியிருந்தது. பயப்பட வேண்டாம், புது அட்டை தபாலில் வரும் என்று சித்திக்கு ஆறுதல் சொன்னேன். அவர் என்னை மடியில் இழுத்து வைத்து, வெகுநேரம் தலையைத் தடவினார்.

ஒருநாள் அம்மா என்னை முன்னால் நிறுத்தினார். “நீ அவரோட ஏதும் கதைச்சனியோ?”

நான் வாயைத் திறப்பதற்குள் சித்தி சொன்னார். “அவளை விடுங்கோ அக்கா. அவள் ஒண்டும் கதைக்கேல்லை. நான்தான் வேண்டாமெண்டனான்.”

சித்திக்கு ஒன்றும் தெரியாது, தப்பித்தேன் என்று நினைத்தேன். நான் சொன்னதை அவர் மாப்பிள்ளையிடமிருந்து ஒரு சொல் விடாமல் கேட்டிருப்பார் என்று புரிய எனக்குப் பத்து வருடங்கள் ஆயின. சின்னப்பிள்ளை ஏதோ உளறிவிட்டாள் என்று ஒரு வசனம் சொல்லியிருந்தால் போதும். அந்த வசனத்தை அவர் ஏன் சொல்லவில்லை? இத்தனை மாதம் தள்ளிப்போட்ட மாப்பிள்ளை, ஒரு பிள்ளையின் பேச்சைக் கேட்டு உடனே ஒத்துக்கொண்டது சித்திக்கு வலித்ததா? தான் சொல்ல முடியாமல் வைத்திருந்ததை நான் சொல்லிவிட்டேன் என்று இருந்துவிட்டாரா? சித்தி இப்போது யாழ்ப்பாணத்தில் ஒரு பள்ளிக்கூட அலுவலகத்தில் இருக்கிறார். பிந்திக் கல்யாணம் கட்டினார். மாதம் ஒருமுறை பேசுகிறோம். படிப்பு, வேலை, மழை எல்லாம் பேசுகிறோம். இதை மட்டும் நான் கேட்கவில்லை. என்ன பதில் வந்தாலும் தாங்க முடியாது என்று தோன்றுகிறது. ஆகஸ்ட் வந்தால் மட்டும், பின்வளவில் அவர் நடக்கும் சத்தம் கேட்காதா என்று இருக்கும்.

அக்டோபர் தொடக்கத்தில் அவரை விமான நிலையத்துக்குக் கூட்டிப் போனோம். அம்மா அழுதார். அப்பா தள்ளுவண்டியின் கைப்பிடியைத் துடைத்துக்கொண்டே நின்றார். எதற்கு இவ்வளவு கவலை என்று எனக்குப் புரியவில்லை. சித்தி மெல்பன் போகவில்லை. ஊருக்குப் போய், ஆட்களைப் பார்த்துவிட்டு, இனி எங்கள் வீட்டுக்குத்தான் வருவார் என்று நம்பியிருந்தேன்.

“எப்ப வருவீங்கள்?” என்று கேட்டேன்.

“கெதியா வாறன்,” என்றார். “அம்மாவை அழ விடாதை, என்ன.”

கண்ணாடிக் கதவுக்குள் போகுமுன் இரண்டு தரம் திரும்பிப் பார்த்தார். நான் இரண்டு கையையும் தூக்கி ஆட்டினேன். வெரிபீயிடமிருந்து சித்தியை நான் ஒருத்தியாகவே மீட்டுவிட்டேன். அந்தக் கூட்டத்தில் சிரித்துக்கொண்டு நின்றது நான் மட்டும்தான்.